ஏழாவது லேன்

மூன்று அறிமுக நூல்கள் என்னிடம் உண்டு.
ஒன்று நிகழ்வியல் என்கிறது.
ஒன்று தோற்றப்பாட்டியல்.
மூன்றாவது, ஓசூரில் எடைக்கு வாங்கியது,
அட்டை கிழிந்து போனதால்
பெயரே இல்லாமல் ஆரம்பிக்கிறது.
அதுதான் பிடித்திருக்கிறது.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாவது லேன்.
கல்லாவுக்கும் மின்விசிறிக்கும் நடுவே
புத்தகத்தை விரித்து வைக்கலாம்,
சூப்பர்வைசர் எட்டிப் பார்க்காத வரை.

எல்லா அறிமுகங்களும்
ஒரு கோப்பையில்தான் தொடங்குகின்றன.
மேசைமேல் ஒரு கோப்பை. அதைப் பார்.
முன்பக்கம் மட்டுமே உனக்குத் தெரிகிறது.
பின்பக்கத்தை நீயே சேர்த்துக்கொள்கிறாய்,
சேர்ப்பது தெரியாமலே.

என்னிடம் இருந்தது பேப்பர் கப்.
அதை விட்டுவிட்டு மலையைப் பார்த்தேன்.
சாவடியிலிருந்து கோட்டை மலைக்கு
ஒரே பக்கம்தான்.
ராத்திரியில் அதுவும் இல்லை,
நட்சத்திரம் இல்லாத ஓர் இடம், அவ்வளவு.
மறுபக்கம் பழையபேட்டை.
அங்கே மாடிக்கொடியில்
எடுக்க மறந்த என் சுடிதார்
இந்நேரம் பனியில் நனைந்திருக்கும்.
மறைந்திருக்கும் பக்கத்துக்கு
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

இரண்டாம் அத்தியாயம் கடினம்.
உலகத்தை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்கிறது.
இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை
வாய்தா போட்டுவிட்டு,
தோன்றுவதைத் தோன்றியபடி எழுது என்கிறது.
எழுதினேன்:
மஞ்சள் வெளிச்சம் இரண்டு.
பெரிதாகின்றன.
முதலில் டீசல் வாசனை,
பிறகு பிரேக்கின் நீண்ட மூச்சு,
பிறகு உயரத்திலிருந்து ஒரு கை.
இதுவரை சரி.
"அக்கா, சில்லறை இல்ல" என்றது கை.
அடைப்புக்குறி அங்கேயே உடைந்தது.

முன்பெல்லாம் இரவுக்கு ஆயிரம் கை வரும்.
கிரானைட் மாவு வெளுத்த கை,
வெங்காயச் சருகு ஒட்டிய கை,
தூங்கும் டிரைவருக்குப் பதிலாக
கிளீனர் பையன் நீட்டும் முழங்கை எட்டாத கை.
காசோடு ஒரு விரல்நுனி உரசும்.
யார் யாரைத் தொட்டது என்று
மூன்று புத்தகமும் கேட்கின்றன.
அன்றைக்கு நான் கேட்கவில்லை,
மீதி எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது கண்ணாடியில் ஸ்டிக்கர்.
மேலே ஒரு பெட்டி அதைப் படிக்கிறது.
கட்டை எழும்புகிறது, வண்டி போகிறது.
என்னைப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை.
நன்றாக உழைக்கும் கருவி கண்ணில் படாது,
கெட்டால்தான் முன்னால் வந்து நிற்கும்,
என்கிறது அட்டையில்லாதது.
சுத்தியலை உதாரணம் காட்டுகிறது.
சுத்தியலை அடித்துவிட்டு
முனிரத்னா என்று எழுதினேன்.

நேற்று மூன்று மணிக்குப் பெட்டி செத்தது.
பதினாறு லேனிலும் ஹாரன்.
மதுரைக்குப் போகும் கோலார் தக்காளி
என் ஜன்னலில் நின்றது.
டிரைவர் முதல்முறையாக ஒரு சாவடியைப் பார்ப்பவர்போல
மின்விசிறியைப் பார்த்தார், டிபன் டப்பாவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
என்ன புத்தகம், ஜாதகமா என்றார் தெலுங்கில்.

வீட்டில் நாங்கள் பேசும் தெலுங்கில்
கொத்தமல்லிக்குச் சொல் உண்டு, கடனுக்கு உண்டு.
இதற்கு இல்லை.
மலையைக் காட்டிச் சொல்லலாம் என்று
கையை நீட்டினேன்.
"எந்த மலை?" என்றார்.
பதினோரு வருடமாக இந்த வழியாகத்தான் போகிறாராம்.
எப்போதும் ராத்திரி.

பெட்டிக்கு உயிர் வந்தது.
அவர் இன்னும் இருட்டையே
உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பின்னால் ஹாரன்.

முடித்தவர்கள் மூல நூல்களுக்குச் செல்லவும்
என்கின்றன மூன்றும், கடைசிப் பக்கத்தில்.
நான் ஆறே காலுக்கு ஷேர் ஆட்டோவில்
மலையைச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.
கொடியில் சுடிதார் இல்லை.
கீழ்வீட்டு பர்ஹானா எப்போதோ எடுத்து,
மடித்து, படிக்கட்டில் வைத்திருந்தாள்,
பறக்காமலிருக்க
மேலே ஒரு கல்.